நான்காம் அறை வாசலில் ஒன்பது ஜோடி

"ஏலே கருப்பணா, நிறுத்துலே வண்டிய!"

கற்பகம் வேனின் தகரத்தில் ஓங்கித் தட்டினாள். டிரைவர் கருப்பணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போர்மேன் அண்ணாச்சி உத்தரவுக்கா. இருக்கன்குடியில சாமி கும்பிட்டுட்டுச் சாயங்காலம் வந்தாப் போதும்."

"தேங்காய் பழம் இல்லாம என்னலே சாமி? எங்கள ஒளிச்சு வைக்க ஆத்தா கோயில்தானா கெடைச்சது?" என்றாள் பாண்டிலட்சுமி. வேனிலிருந்த ஐந்து பெண்களும் சிரித்தார்கள்.

ஐவரும் பட்டாசுக் கம்பெனியின் நான்காம் அறையில் மருந்து நிரப்புகிறவர்கள். அறைச் சுவரில் 'ஆட்கள் 4' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே ஒன்பது பேர் உட்காருவார்கள். இன்று ஒரு பெரிய நாட்டின் தூதரக அதிகாரி பார்வையிட வருகிறார். அதனால் ஐந்து பேருக்குத் திடீரென்று பக்தி வர வேண்டியிருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் பக்கத்து அறை வெடித்தபோது கற்பகத்தின் தங்கை முத்துமாரியம்மாள் செத்துப்போனாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவே எட்டுப் பேர்; அவள் வெளியே வர வழியில்லை. அறையில் நாலு பேர்தான், மாரி தண்ணீர் குடிக்க வெளியே போனவள், அங்கே தீப்பட்டுவிட்டது என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. மாரியின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

"சித்திரை வெயில்ல தண்ணி குடிக்கப் போறவ செருப்ப விட்டுட்டா போவா?" என்று கற்பகம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு எழுதிக்கொண்டவர் இதே அதிகாரி ஒருவர்தான். வீட்டுக்கு வந்து, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, அந்தச் செருப்பைப் படமும் எடுத்தார். அவருடைய நாட்டின் மனித உரிமை அறிக்கையில் 'ஒன்பது பேர்' என்று அச்சானது. மாரி அறைக்குள் இருந்தாள் என்று சொல்ல உலகத்தில் அந்த ஒரு பக்கம்தான் இருந்தது.

திருத்தங்கல் ரயில்வே கேட் அடைத்திருந்தது. கற்பகம் கதவைத் திறந்து இறங்கினாள். நாலு பேரும் பின்னால் இறங்கினார்கள்.

அவர்கள் கம்பெனிக்குத் திரும்பியபோது அதிகாரி நான்காம் அறைச் சுவரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஐவரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி கற்பகத்தை அடையாளம் கண்டு கைகூப்பினார். தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்த ரோஷினி தயங்கினாள்.

"இந்தத் தடவை புகார் எதுவும் வாங்கலையாம்க்கா. முன்னேற்றத்தை மட்டும் குறிச்சுக்குவாராம்."

"அன்னைக்கு மட்டும் எழுதுனாரே?"

"அன்னைக்கு ரெண்டு நாட்டுக்கும் வியாபாரப் பேச்சு முறிஞ்சிருந்துச்சு. அடுத்த வாரம் ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகுது."

கற்பகத்துக்கு அது விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"சண்டைன்னா எங்க மாரி வேணும், ராசியானா வேண்டாமாக்கும்! அப்படியே சொல்லு தாயி. ஒரு சொல்லு கொறையக் கூடாது."

ரோஷினி குறைக்காமல் சொன்னாள். அதிகாரியின் காது சிவந்தது.

"ஏம்மா கற்பகம், நாளைக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றார் போர்மேன் ஜெயபாண்டி.

"நீங்க ஒளிச்சு வைக்கிறது எனக்குப் பழகிப்போச்சு அண்ணாச்சி. அவரு எண்ணட்டும். ஆள எண்ணக் கூசுதுன்னா வாசல்ல கெடக்க செருப்ப எண்ணச் சொல்லுங்க."

அதிகாரி வாசலைப் பார்த்தார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். காரை நோக்கி நடந்தார்.

"எழுதாட்டிப் போங்க!" கற்பகம் வாசல்வரை வந்து கத்தினாள். "அன்னைக்கு எழுதுனத உங்களாலயும் அழிக்க முடியாது!"

மறுநாள் கம்பெனி பஸ் கற்பகத்தின் தெருவில் நிற்கவில்லை. அவள் டவுன் பஸ்ஸில் விருதுநகர் போய், பழைய அறிக்கைப் பக்கத்தின் ஜெராக்ஸை இணைத்து, கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். வாங்கி முத்திரை குத்தினார்கள். சாயங்காலம் பாண்டிலட்சுமி போனில் பேசினாள். சீசன் ஆர்டர் முடியவில்லை என்று அவளோடு இறங்கிய மற்ற நாலு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். நான்காம் அறை வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது.