நிற்கிற வண்டிக்கு எதற்கு ஏசி?

இது நடந்தது. சொன்னவன் படூர் ஏசி மெக்கானிக் பூவராகவன். வாயைத் திறந்தால் பொய்தான் அவனுக்கு. ஆனால் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்கிற பொய்யை எந்த மடையனும் சொல்ல மாட்டான். அதனால்தான் நம்புகிறேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். "இந்தக் கெழட்டு வண்டிக்கு ஏசி ஒண்ணுதான் கொறச்சல்" என்பான். போன மே மாதம் செங்கல்பட்டு சுப்புராமன் தன் 1989 கான்டெஸாவைக் கொண்டுவந்தார். ஒரு வருடம் ஷெட்டில் பூட்டிக் கிடந்த வண்டி.

"விக்கப் போறேன். ஓடறப்போ குளிருது, நின்னா அனலடிக்குது. பாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பார்க்க என்ன இருக்கிறது? முந்தின வருடம் இதே வண்டிக்கு கேஸ் ஏற்றியவன் பூவராகவன்தான். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசிக்கென்று இருக்கும் சின்ன ஃபேன் அப்போதே எரிந்துபோயிருந்தது. அது சுற்றாவிட்டால், நிற்கிற வண்டியில் கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடும். புது ஃபேன் தேடி யார் அலைவது? எரிந்த ஃபேனின் ஒயரை வெட்டிவிட்டு, "நின்னாலும் ஐஸ் மாரி கீது சார்" என்று அனுப்பிவைத்தான். இப்போது அந்தத் திருட்டுத்தனம் வெளியே தெரிவதற்குள் ஒரு ஃபேனை மாட்டியாக வேண்டும்.

மணி 12:25. வெயில் மண்டையைப் பிளந்தது. எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். ஏசி வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டான்.

பத்து டிகிரி. பதினாறு. இருபத்தெட்டு...

12:37. டக். கம்ப்ரஸர் நின்றது. அனல் அடித்தது. "சனியன்" என்று கதவைத் திறக்கப் போனான்.

பின் சீட் கிறீச்சிட்டது.

தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். யாருமில்லை. ஆனால் சீட்டின் ஓரம் அமுங்கியிருந்தது. அதற்கு நேரான ஜன்னலில் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது... மூச்சு.

சாவியைப் பிடுங்கினான். இன்ஜின் நின்றது. அனல் நிற்கவில்லை.

கதவு திறக்கவில்லை.

12:41.

"காத்து... வர்ல..."

பிடரிக்குப் பின்னால். வயதான பெண் குரல்.

"காத்து வர்லப்பா..."

கத்தினான். கண்ணாடியைக் குத்தினான்...

வெளியிலிருந்து கதவு திறந்தது. சுப்புராமன். மணி 12:52. பூவராகவன் தரையில் விழுந்தான். பேன்ட் நனைந்திருந்தது. ஊரையெல்லாம் நக்கலடித்த மூஞ்சி சின்னப் பிள்ளை மாதிரி அழுதது.

"பின்னாடி... வயசான பொம்பள சார்..."

சுப்புராமன் வெளுத்துப்போய் டயர் ஓரம் உட்கார்ந்தார்.

"எங்கம்மா. போன வருஷம் உன்கிட்ட வண்டி எடுத்த மறுநாள். மாமல்லபுரத்துல கல்யாணம், மாடி மண்டபம். அவங்களால ஏற முடியாது. ஏசிய போட்டு வண்டியிலயே வுட்டுட்டுப் போனோம். நின்னாலும் குளிரும்னு நீதான் சொன்னியே. முக்கா மணி நேரங்கூட ஆவல... ஊருக்கு மாரடைப்புன்னு சொன்னோம்."

நல்ல மகன். நல்ல மெக்கானிக். ஃபேன் விஷயத்தை அந்த நிமிடத்திலும் பூவராகவன் அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னவன் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. செத்தவள் மேலேயே பழியைப் போடப் பார்த்தான்.

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமே சார்?"

சுப்புராமன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிக் குடுப்பாங்க? பக்கவாதம் வந்து மூணு வருஷம். சாகற வரைக்கும் எங்கம்மா ஒரு வார்த்த பேசல."