பதினெட்டு மீட்டர்

முப்பத்தொரு வயதுவரை ஜூடித் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் லாய்டுடன் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு, பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தினார்.

1994-இல் அந்தக் கல்லூரிக்கு என்.சி.சி. கடற்படைப் பிரிவு தொடங்க அனுமதி வந்தது. ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சி எடுத்து அதிகாரியாக வேண்டும். யார் போகிறீர்கள் என்று முதல்வர் கமலம்மாள் கேட்டபோது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் திடீரென்று விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. ஜூடித் மட்டும் கை தூக்கினார். கடல் இல்லாத ஊரில் கடற்படையா என்று லாய்ட் சிரித்தார்.

மே மாதம் மைசூரிலேயே பன்னிரண்டு நாள் கோடைப் பயிற்சி. புதிதாக அதிகாரியாகப் போகிற ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேர். பெண்கள் இருவர்தான்: ஜூடித்தும், ஹாசனிலிருந்து வந்த சுலோசனாவும். காலையில் அணிவகுப்பு, வெயில் ஏறியதும் கயிற்று முடிச்சுகள், கொடி அசைத்துச் செய்தி சொல்வது, ஏரியில் துடுப்புப் படகு. மாலையில் நீச்சல் குளம். கடைசி நாள் உயரப் பலகையிலிருந்து குதித்து ஐம்பது மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும்.

படகிலும் அணிவகுப்பிலும் ஜூடித் யாருக்கும் குறைந்தவராக இல்லை. குளம்தான் வசப்படவில்லை. தினமும் தண்ணீர் குடித்து, மூக்கு எரிய, கண் சிவந்து வீடு திரும்பினார்.

பயிற்சியாளர் குழந்தைசாமி, கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர். நல்ல மனிதர். பத்தாம் நாள் மாலை இரண்டு பெண்களையும் தனியாகக் கூப்பிட்டு, நீச்சலுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி எழுதிவிடலாம், மற்றதெல்லாம் தேறியாயிற்று, கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, வந்துவிடும் என்றார். சுலோசனா இரண்டு குழந்தைகளைத் தாயிடம் விட்டு வந்திருந்தவர். சரி என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தார். ஜூடித் தான் குதிப்பதாகச் சொன்னார்.

கடைசி நாள் குதித்தார். மேலே வந்தார். கையும் காலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டே முன்னேறினார். கரையில் ஆண் ஆசிரியர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பதினெட்டாவது மீட்டரில் மூழ்கத் தொடங்கவே, மூங்கில் கழியை நீட்டி இழுத்துப் போட்டார்கள்.

இருமி முடித்து எழுந்தபோது, குழந்தைசாமி தாளில் அவர் பெயருக்கு நேரே ‘விலக்கு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தார்.

“சார், அத அடிச்சிட்டு ஃபெயில்னு எழுதுங்க.”

“ஏனுங் மேடம், அப்படி எழுதுனா இந்த வருசம் கமிஷன் வராதுங்க. காலேஜ்ல என்ன சொல்லுவீங்க?”

“தோத்துட்டேன்னு சொல்லுவேன். விலக்குன்னு போட்டா நான் தண்ணில எறங்கவே இல்லன்னு ஆயிடும். எறங்கினேன் சார். பதினெட்டு மீட்டர் போனேன்.”

குழந்தைசாமி நயமாகச் சொல்லிப் பார்த்தார். மேலதிகாரி வந்தார், விதிப்படி விலக்கு கொடுக்கலாம் என்றார். கொடுக்கலாம், வாங்கியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதா என்று ஜூடித் கேட்டார். ஈரச் சுடிதாரில் நடுங்கிக்கொண்டு நின்றாரே தவிர, நகரவில்லை. கடைசியில் குழந்தைசாமி அடித்து எழுதினார்.

சுலோசனா அதிகாரியானார். ஜூடித் வெறுங்கையோடு கல்லூரிக்குத் திரும்பினார். ஒரு வரிக்காகப் பிரிவு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று என்று கமலம்மாளுக்குக் கோபம். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லாய்டுக்கும் புரியவில்லை.

“அவங்களே குடுத்தத எதுக்கு வேணாங்கற ஜூடி?”

“குடுத்தாங்க. நான் கேக்கலியே.”

ஜூனிலிருந்து தினமும் நகர நீச்சல் குளத்துக்குப் போனார். பெண்களுக்கான நேரம் வாரத்தில் பாதி நாள் ரத்தாகும். அந்த நாட்களில் பொது நேரத்தில் இறங்கினார். ஆண்கள் சங்கடப்படுகிறார்கள் என்று மேலாளர் மஞ்சுநாத் கன்னடத்தில் குறைப்பட்டுக்கொண்டார். சங்கடப்படுகிறவர்கள் வேறு நேரத்தில் வரட்டும் என்று ஜூடித்தும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். சிலர் முறைத்தார்கள், சிலர் வருவதை நிறுத்தினார்கள். மஞ்சுநாத் ஒரு மாதம் கழித்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அடுத்த மே மாதம் அதே பன்னிரண்டு நாளையும் முதலிலிருந்து, புது ஆட்களோடு மறுபடி செய்தார். ஐம்பது மீட்டரையும் நீந்தினார். எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தார். மற்றவர்கள் துண்டால் தலை துவட்டி முடித்திருந்தார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. குழந்தைசாமி எழுந்து நின்று சல்யூட் வைத்தார். ஜூடித் மூச்சு வாங்கிக்கொண்டே திருப்பி வைத்தார்.

1997-இல் தன் பிரிவின் பன்னிரண்டு மாணவிகளை மங்களூருக்கு அழைத்துப் போனார். அவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்தது அன்றுதான். ஜூடித் கடலில் படகு ஏறியதும் அன்றுதான். அலை தூக்கிப் போட்டதில் படகோரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாந்தி எடுத்தார். கரைக்குத் திரும்பிவிடலாமா என்று படகுக்காரர் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, துடுப்பை எடுத்தார்.