ஓரம் வெட்டியது

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் ‘சுருக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. பேச்சும் அப்படித்தான். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை கொடுப்பான், அதையும் யோசித்துக் கொடுப்பான். மிச்சத்தைப் பேசித் தீர்க்கத்தான் கடவுள் என்னை அவனுக்கு அக்காவாக அனுப்பியிருக்க வேண்டும்.

எங்களுடையது லாண்டரி. முன்னால் கடை, பின்னால் சலவை அறை, மாடியில் வீடு. தெருத்துணியும் எடுப்போம், ஆனால் வீட்டில் அடுப்பெரிவது ஆஸ்பத்திரித் துணியால்தான். பெரிய ஆஸ்பத்திரியின் வார்டு விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத்துணி எல்லாம் எங்களிடம் வரும். மெஷின் தம்பி பொறுப்பு. இஸ்திரியும் மடிப்பும் தம்பி மனைவி. கடையில் உட்கார்ந்து வருகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும், கிழிசல் தைப்பதும் நான்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து புது விரிப்பு வந்தால், அதே அளவுக்குப் பழையதைக் கழித்துவிட வேண்டும். கழித்தது தெரியாத்தனமாகத் திரும்ப வார்டுக்குள் போய்விடக்கூடாதே, அதற்காகத் தம்பி அதன் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டிவிடுவான். ஓரம் வெட்டியது உள்ளே போகாது, அவ்வளவுதான் சட்டம். ஒரு தடவை நல்ல விரிப்பு ஒன்றைக் கைதவறி வெட்டிவிட்டான். “குடுடா, தைச்சுத் தர்றேன், யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன். “வெட்டினா வெட்டினதுதான்க்கா,” என்று அதையும் கழிவில் போட்டான். பிழைக்கத் தெரியாதவன் என்று அன்றைக்கு முழுக்கத் திட்டினேன்.

கழிவு சேர்ந்ததும் ஒரு பெரிய விரிப்பைத் தரையில் விரித்து, எல்லாவற்றையும் நடுவில் குவித்து, நாலு மூலையையும் இழுத்து முடிச்சுப் போடுவான். கழிவுத்துணி வாங்குகிறவர் வண்டியோடு வந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு போவார். ஊருக்கு வெளியே அவருடைய கிடங்கில் ஓர் இரும்பு மெஷின் இருக்கிறது. அதில் போட்டு அமுக்கினால் ஆள் உயர மூட்டை முழங்கால் உயரக் கட்டாகிவிடும்.

பட்டன் என் தம்பியின் மூத்த மகள். துவைக்க வரும் சட்டைகளிலிருந்து உதிர்கிற பட்டன்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் சேர்ப்பாள், அதனால் அந்தப் பேர். இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதில்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அப்படியே என்னை உரித்து வைத்தது. அப்பா ஓரம் வெட்டும்போது மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, “இது பழசு, இதுவும் பழசு” என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.

தம்பி மனைவிக்கு இரண்டாவது பிள்ளை உண்டானதிலிருந்து வீட்டில் ஒரே புதுசு பேச்சு. புதுசு உதைக்குது, புதுசு தூங்குது, புதுசு படுக்க இடம் பண்ணணும். முதலில் பட்டனும் கூடச் சேர்ந்து குதித்தாள். நாள் நெருங்க நெருங்க ஆள் அடங்கிவிட்டாள். ஒரு நாள் வெட்டும் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, நான் பழசா?” என்று கேட்டாள்.

“நீயா? நீ ரொம்பப் பழசு,” என்றான் தம்பி, கையிலிருந்த துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவன் வாயிலிருந்து ஒரு கேலி வந்ததே அதிசயம். நானும் தம்பி மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பட்டன் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து இறங்கி, டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அன்று காலையில் தம்பி மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுடைய தங்கை துணைக்கு இருந்தாள். சாயங்காலம்தான் தியேட்டர் என்று சொன்னதால் தம்பி கடைக்குத் திரும்பினான். கிளம்பும்போது அவன் மனைவி கையை விடவில்லையாம். “ஏங்க, நான் உள்ள போறதுக்கு முன்னால பட்டனை ஒரு தடவை கண்ணுல காட்டிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்,” என்றாளாம்.

அன்றைக்குப் பார்த்துத்தானா புது விரிப்பு வந்து இறங்க வேண்டும்? கடை முழுக்கப் பிளாஸ்டிக் உறையோடு புதுத்துணி. தம்பி பழையதை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். கழிவுத்துணிக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். அந்த நேரத்தில் போன். தம்பி மனைவியின் தங்கைதான்.

“மாமா, டாக்டர் இப்பவே பண்ணிடலாம்னு சொல்றாங்க. பட்டனைக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க. அக்கா அழுவுறா.”

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குவியலை அப்படியே சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டான். வண்டிக்காரர் கடைசி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, “என்னங்க இன்னைக்கு, இந்தக் கனம் கனக்குது?” என்றார். “ஈரம் இருக்கும்,” என்றான் தம்பி. வண்டி போய்விட்டது.

“பட்டன்! வாடி, அம்மாவைப் பாக்கப் போலாம்!” என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். பதில் இல்லை. ஏறிப் பார்த்தேன், கட்டிலடி, குளியலறை, அலமாரி, எங்கும் இல்லை. கீழே வந்து தெருவில் பார்த்தேன். எதிர்க்கடைக்காரர் அவள் வெளியே வரவேயில்லை என்று அடித்துச் சொன்னார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. “கிடைக்கட்டும், முதுகுத்தோலை உரிக்கிறேன்,” என்று கத்திக்கொண்டே சலவை அறைக்குள் நுழைந்தேன். பெரிய மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பியும் அங்கேதான் நின்றான்.

இரண்டு பேரும் மெஷினைப் பார்த்தோம். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அவன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். அந்த மெஷின் கதவு தண்ணீர் முழுக்க வடிந்தால்தான் திறக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. கதவு திறந்ததும் தம்பி தோள்வரை கையை விட்டு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டான். வெறும் துணி. நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடி போன். “அண்ணி, ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு. பட்டன் எங்க?” தம்பி மனைவியே பேசினாள். “தூங்கிட்டாம்மா. எழுப்பினா அழுவா. நீ தைரியமாப் போய்ட்டு வா, வெளிய வரும்போது நிப்பா,” என்றேன். பொய் சொல்ல எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைக்குள் ஓடினேன். வெட்டும் மேஜையின் அடியில் குனிந்தேன். பட்டனின் டப்பா சுவரோரமாக ஒழுங்காக மூடி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோல். அதன் பக்கத்தில் மஞ்சளாக ஒரு துண்டுத்துணி. காலையில் நான்தான் அவளுக்கு மஞ்சள் கவுன் போட்டுவிட்டேன்.

“பாருடா இவ பண்ணின வேலையை, புதுக் கவுனை வெட்டி வச்சிருக்கா!” என்றேன். எனக்கு அது அவ்வளவுதான் தெரிந்தது.

தம்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். முக்கோணம். கோணல்மாணலாக இருந்தாலும் முக்கோணம். அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது.

“அக்கா, ஓரத்தை வெட்டியிருக்கா,” என்றான். “புதுசு வருதுல்ல. இவ பழசு.” வாசலைப் பார்த்தான். “அந்த மூட்டை... நான்தான்க்கா கட்டினேன். என் கையாலதான் கட்டினேன்.”

ஐயோ என்று கத்தினேனா, வயிற்றில் அடித்துக்கொண்டேனா, நினைவில்லை. ஸ்கூட்டரில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்ததுதான் நினைவிருக்கிறது. வழி நெடுக வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மெஷின் ஓடும்போது அவர் காதில் எதுவும் விழாது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு.

கிடங்கு வாசலிலேயே மெஷின் சத்தம் கேட்டது. தம்பி ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். “நிறுத்து! நிறுத்துய்யா!” அவன் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சத்தம் நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் அமுக்கி முடித்த கட்டு ஒன்று, கம்பி சுற்றிக் கிடந்தது. வெள்ளை விரிப்பு. எங்கள் விரிப்பு.

தம்பி அதைத் தொடவில்லை. அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான்தான் வண்டிக்காரரின் சட்டையைப் பிடித்து, “மிச்ச மூட்டை எங்கய்யா, எங்க?” என்று உலுக்கினேன். அவர் மூலையைக் காட்டினார். ஓடிப்போய் முதல் மூட்டையைப் பிரித்தேன். துணி. அடுத்ததின் முடிச்சு அவிழவில்லை. நல்ல முடிச்சு போடுவான் என் தம்பி. பாவி, அன்றைக்கும் நல்ல முடிச்சே போட்டிருந்தான். அவன் வந்து என்னைத் தள்ளிவிட்டுப் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

உள்ளே, விரிப்புகளுக்கு நடுவில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பட்டன். தலையெல்லாம் வியர்வை, கன்னம் சிவந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

“அப்பா, நான் அசையவே இல்ல. நீ கட்டும்போதுகூட அசையல,” என்றாள். சமர்த்தாக இருந்ததற்குப் பாராட்டுவான் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

தம்பி அவளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தக் கழிவுத்துணிக் குவியலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். நானும் அழுதேன். வண்டிக்காரரும் அழுதார். பட்டன் மட்டும் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து தாயையும் பிள்ளையையும் வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். “பொண்ணு மாமா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அக்கா கண்ணு முழிச்சதுலேர்ந்து பட்டன் பட்டன்னு உசிரை விடுறா,” என்று தம்பி மனைவியின் தங்கை வாசலுக்கே ஓடிவந்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. எங்கள் மெஷினில் துவைத்த விரிப்பு, பக்கத்தில் துணி சுற்றிய ஒரு சின்ன மூட்டை.

வார்டு வாசலில் பட்டன் நின்றுவிட்டாள்.

“வாடா கண்ணு,” என்றான் தம்பி.

“நான் வரல. ஓரம் வெட்டினது உள்ள போகக்கூடாது.”

“அது விரிப்புக்குடி,” என்றேன்.

“வெட்டினா வெட்டினதுதான். அப்பாதான் சொன்னாரு.” கவுனின் வெட்டுப்பட்ட மூலையை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, “பட்டன், அங்க என்னடி பண்ற? வாடி,” என்று கூப்பிட்டாள். பட்டனின் உதடு துடித்தது, ஆனால் வாசலைத் தாண்டவில்லை. அவள் அப்பனின் பிள்ளை.

தம்பி சட்டைப்பையிலிருந்து அந்த மஞ்சள் முக்கோணத்தை எடுத்தான். “அக்கா, ஊசி.”

என் பையில் எப்போதும் நூல் கோத்த ஊசி இருக்கும். “குடுடா, நான் தைக்கிறேன்,” என்றேன். தரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, ஊசியை வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். வாழ்க்கையில் ஒரு தையல் போட்டதில்லை அவன். தையலா அது, கண்றாவி. இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டான். மஞ்சளில் ரத்தம் பட்டது. துணி ஒரு பக்கம் இழுத்துச் சுருங்கியது. கறை, சுருக்கம், இரண்டையும் பார்த்துக்கொண்டே தைத்தான். பட்டன் மூச்சுவிடாமல் நின்றாள்.

“தப்பா வெட்டிட்டா தைச்சுக்கலாம்,” என்று நூலைக் கடித்து அறுத்தான்.

பட்டன் மூலையை இழுத்துப் பார்த்தாள். “கோணலா இருக்குப்பா.”

“இருக்கட்டும்டா.”

“அப்ப நான் பழசு இல்லையா?”

அவன் வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. அவனுக்குப் பேச்சு வராதபோது நான் பேசுவதுதான் வழக்கம். அன்றைக்கு எனக்கும் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான், திரும்பத் திரும்ப ஆட்டினான்.

பட்டன் தைத்த மூலையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் முன்னால் வார்டுக்குள் நடந்தாள்.