நாற்பத்தொரு முறை நிறுத்திய மீட்டர்

இரைச்சலை அளப்பதுதான் மீட்டரக்காவின் வேலை. பதினெட்டு வருடங்களாக ஆலை வாசல்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் முக்காலியை விரித்து, கருவியைப் பொருத்தி, பக்கத்தில் நின்றவர். அவருடைய அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அளக்கும்போது அருகில் நாய் குரைத்தாலோ காகம் கரைந்தாலோ பொத்தானை அமுக்கிக் கருவியை நிறுத்திவிட வேண்டும். இயந்திரம் போடும் இரைச்சல் மட்டுமே கணக்கில் வரும். நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் தனித்தாளில் குறிப்பது விதி. அந்தத் தாளைப் புரட்டிப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

மலைக்குப் பின்னால், சாலையோ மின்கம்பியோ எட்டாத ஒரு பள்ளத்தாக்கில் கல்லுடைக்கும் ஆலை வைக்க ஒரு முதலாளி மனுப் போட்டார். அக்கா போய் அளந்தார். பாறையில் தண்ணீர் சொட்டுவது நூறடி தள்ளிக் கேட்டது. மரங்கொத்தி தட்டியது; அமுக்கினார். தவளை கத்தியது, அமுக்கினார். கடைசியில் கருவி காட்டியது இருபத்திரண்டு டெசிபல்.

மேலதிகாரியின் அறிக்கையைப் படித்தபோதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. 'உயிரினங்களின் ஒலி பதிவாகவில்லை. அனுமதிக்கப்பட்ட அளவு ஐம்பத்தைந்து. ஆகவே இன்னும் முப்பத்து மூன்றுக்கு இடமுண்டு.'

இதுவரை அடியே வாங்காதவன் முதுகில் அடிக்க நிறைய இடமிருக்கிறது என்பதுதானே இந்த நியாயம்?

"சார், அங்க பறவைங்க இருந்துச்சு. நான்தான் நிறுத்தி நிறுத்தி அளந்தேன்."

"முறைப்படிதானம்மா செஞ்ச?"

"முறைப்படிதான்."

"அப்புறம் என்ன? ஆலை அனுமதி விசாரணைக்கு வந்து, கருவி சரியா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. குருவிக்கு வக்கீலாகாத."

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். ஆரன் சத்தத்துக்கு வலக்காதைப் பறிகொடுத்தவர். இடக்காதைத் திருப்பி முழுக்கதையும் கேட்டார்.

"என் காதுக்கு எவன் பதில் சொன்னான்? நீ போய்ப் பேசு. வேலை போச்சுன்னா நம்ம பஸ்ல கண்டக்டரா வந்துடு."

"உங்க ஆரனுக்குப் பக்கத்துலயா? அதுக்கு அந்தக் கல்லு மில்லே தேவலை."

விசாரணையில் கருவி சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். "நல்லா இருந்துச்சு. நான் செஞ்சதுதான் தப்பு" என்று சொல்லித் தாளைப் பிரித்தார் அக்கா. "ஒன்பது மூணு, மரங்கொத்தி. ஒன்பது நாலு, தவளை. ஒன்பது அஞ்சு, மறுபடி தவளை."

முதலாளி சிரித்தார். விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் எத்தனைம்மா இருக்கு?"

"முப்பத்தெட்டு சார்."

நாற்பத்தொன்றையும் படித்து முடித்தார். நிறுத்தாமல் மறுபடி அளக்கும்வரை அனுமதி கிடையாது என்று உத்தரவானது.

அந்தப் பள்ளத்தாக்கின் அமைதி எந்தத் தெய்வமும் கொடுத்த வரமல்ல. இயந்திரம் போய்ச் சேராததால் மிஞ்சியது. மிச்சம் வைப்பதும் துடைத்தெடுப்பதும் மனிதர்கள் போடும் கையெழுத்தில் இருக்கிறது. உண்மையைச் சொன்ன அக்காவுக்கு மறுவாரமே நகரத்தின் மிக இரைச்சலான சந்திப்புக்கு மாற்றல். பொய்யை எழுதியவர் அதே நாற்காலியில் இருக்கிறார். மறு அளவைக்கு அவர் இன்னும் தேதி குறிக்கவில்லை.

சந்திப்பில் இரண்டு லாரிகளுக்கு இடையே ஒரு காகம் கரைந்தது.

"அக்கா, காக்கா. நிறுத்துங்க" என்றார் உடன் வந்த ஊழியர்.

"அதுவும் கணக்குல ஏறட்டும்" என்று அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.