மாமாவின் இடது பக்கம்

மரக்காணத்தில் எனக்கு நாற்பது ஏக்கர் உப்பளம், மூன்று லாரி, உப்பு அரைக்கிற மில், ஒரு கல்யாண மண்டபம். யார் தயவும் இல்லாமல் நானே சேர்த்தது. படிப்பு மூன்றாம் வகுப்பு. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. பத்து வயதில் நான் செய்த காரியத்தைத்தான் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அம்மாவின் அண்ணன் மெட்ராஸில் காசுக்குக் குத்துச்சண்டை போடுகிற ஹெவிவெயிட். பதினெட்டு வருஷமாக மேடை ஏறியவர். வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. அடுத்த சண்டையில் தோற்றால் இனிமேல் மேடையே கிடையாது என்று சண்டை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில், அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தின் வரப்பில் ஓடுவார்.

உப்பு விளைகிற பாத்தியின் தரையை வாரக்கணக்கில் காலால் மிதித்து இறுக்குவோம். அதற்குப் பிறகு அதில் ஒரு காலடி பதிந்தாலும் சேறு கலங்கி உப்பு கறுத்துப்போகும். மாமா தினமும் வரப்பிலிருந்து தவறி இடது பக்கத்துப் பாத்தியிலேயே கால் வைத்தார்.

"ஏம்பா மச்சான், ஊரையே அடிச்சிப் போட்டேன்றே, ஒரு வரப்புல ஓடத் தெரியல? காலையிலயே ஊத்திக்கினியா?" என்று அப்பா கத்தினார். ஆட்கள் சிரித்தார்கள். மாமா குடிக்கவே மாட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நீ எனக்கு இந்தப் பக்கமா ஓடு. நான் சாய்ஞ்சா தள்ளு" என்றார். ஒரு மாதம் அவருக்கு இடது பக்கமாக, வரப்பின் ஓரத்தில் ஓடினேன். அதன் பிறகு ஒரு பாத்தியும் கெடவில்லை.

சண்டைக்கு என்னையும் மெட்ராஸ் கூட்டிப்போனார். "எதிராளி சோத்துக் கையைத் தூக்குறப்பல்லாம் மாமான்னு கத்து. நிறுத்திடாதே" என்றார். நான் கத்தினால் அவருக்கு ராசி என்று நினைத்துக்கொண்டேன். எட்டு ரவுண்டும் கத்தினேன். "மாமன் மேல பாசத்தப் பாருடா!" என்று பின்னால் கேலி செய்தார்கள். கத்தும்போதெல்லாம் மாமாவின் இடது கை முகத்தை மறைக்க மேலே போனது. ஏழாம் ரவுண்டில் என் தொண்டை அடைத்து ஒரு தடவை குரல் வரவில்லை. அந்த ஒரு குத்தில்தான் அவர் விழுந்தார். எட்டு எண்ணும்போது எழுந்தார். கடைசியில் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார்.

மேலும் மூன்று வருஷம் ஆடினார். அவர் செத்த பிறகுதான் அத்தை சொன்னார்கள். இடது கண் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டதாம். டாக்டருக்கும் கோச்சுக்கும் தெரியாமல் மறைத்தாராம். இது தெரிந்திருந்தால் அன்றைக்குக் கத்தியிருப்பேனா, இல்லை சண்டையை நிறுத்தச் சொல்லி அழுதிருப்பேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர் பழகிய குத்துச்சண்டைக் கூடத்தில் அந்த வெற்றியின் படத்தை மாட்டி, கீழே கோச்சின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். கோச் வலது மூலையில் நின்று தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான். இடது பக்கம் முழுக்க நான் பார்த்துக்கொண்டேன். என் பெயரையும் எழுதுங்கள்.