ஒத்தக்கடை மனையும் வடநாட்டுக் கல்லூரியும்

மகளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற தனியார் பொறியியல் கல்லூரி. தெருமுனையிலேயே பஸ் ஏறலாம், மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். இன்னொன்று, வடக்கே இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்தது. அதன் பெயரைச் சொன்னால் தல்லாகுளத்தில் என் அலுவலகத்துக்காரர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான்கு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, ரயில் எல்லாவற்றையும் கூட்டினால், வீடு கட்டுவதற்காக ஒத்தக்கடையில் நான் வாங்கிப் போட்டிருந்த மனையின் விலை வந்தது. தப்பாக இருக்குமோ என்று மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் மனையே வந்தது.

"பேருக்குத்தாண்ணே காசு. அந்தக் காலேஜ் பேரப் பாத்தாலே கம்பெனிக்காரன் கூப்புட்டு வேலை குடுப்பான்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. யோசனை சொல்ல நல்ல வயது.

மகளிடம் கேட்டேன். "எங்கன்னாலும் சரிப்பா" என்றாள். என்ன தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். விரலுக்கேற்ற வீக்கம் போதும், திங்கட்கிழமை உள்ளூர்க் கல்லூரியில் பணம் கட்டிவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை பால் வாங்கப் போனால் தெருமுனையில் பேனர் நிற்கிறது. எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் பேனர், கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதில் என் மகள் இருந்தாள். 'வடநாடு சென்று பொறியியல் பயிலவிருக்கும் எங்கள் குலவிளக்கே, வருக வருக!' போகிறவளை ஏன் வருக என்றார்கள் என்பது அச்சடித்தவருக்கே வெளிச்சம். மகள் மூலையில் சின்னதாக இருந்தாள். நடுவில் ஆளுயரத்துக்கு என் மனைவியின் தம்பி, செல்போனைக் காதில் வைத்தபடி. கீழே வரிசையாக அவனுடைய கூட்டாளிகள். நான் எங்கேயும் இல்லை.

பால்காரர் கை கொடுத்தார். எதிர்வீட்டம்மா அங்கே குளிருக்குக் கம்பளி எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கேயே நின்று மைத்துனனுக்கு போன் போட்டேன்.

"யாரக் கேட்டு மாப்ள பேனர் வச்ச? நான் இங்கதான சேக்கப் போறேன்."

"என்ன மச்சான் இப்பிடிக் கேக்குறீங்க? பிள்ளதான சொல்லுச்சு. போட்டோ அனுப்புனதும் அதுதான். சனிக்கெழம விடியுறதுக்குள்ள வச்சுருங்க மாமான்னுச்சு."

வீட்டுக்குப் போனேன். மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் நிமிரவில்லை. "சொன்னா மறுபடியும் கூட்டிப் பாப்பீங்க. கூட்டிட்டு என் மொகத்தப் பாப்பீங்க. அப்பறம் நான் எப்பிடிப்பா போகணும்னு சொல்றது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கன்னாலும் சரி என்று அவள் சொன்னதை நான் உடனே நம்பியது, அந்தப் பதில் மலிவாக இருந்ததால்தான்.

திங்கட்கிழமை வடக்கே இருக்கிற கல்லூரிக்குத்தான் பணம் கட்டினோம். மனைக்கு ஆள் பார்க்க மைத்துனனிடமே சொன்னேன். என் மகளுக்கு எங்கே படிக்க ஆசை என்பதை எங்கள் தெருவிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். அதற்கு அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.