மருமகன் பழக்கிய ஆட்டிறைச்சிப் பை

மாவுக் கிண்ணத்துக்குள் இறைச்சி வைத்துச் சுடும் ஸ்கொட்லாந்துப் 'பை' செய்ய எனக்குப் பழக்கியவர் என் மகளின் கணவர். ஸ்கொட்லாந்தில் பிறந்து, வேலைக்காக ஒக்லாந்து வந்தவர். இருவரும் மவுண்ட் வெல்லிங்டனில் வாடகைக்கு இருந்தார்கள். சனிக்கிழமைகளில் ரானுயிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மகள் வந்ததும் போனோடு சோபாவில் சாய்ந்துவிடுவாள். அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேரே குசினிக்கு வருவார்.

முதல் தடவை நான் தயங்கித் தயங்கி, "எங்கட வீட்டில மாட்டிறைச்சி சமைக்கிறேல்லை, தம்பி" என்றேன். மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அவருடைய ஊரில் இந்தப் பையை ஆட்டிறைச்சியில்தான் செய்வார்களாம். மாவுக்குப் பன்றிக் கொழுப்பு வேண்டும் என்றபோது நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, பட்டரை வெந்நீரில் உருக்கி ஊற்றினார். சூடு ஆறுமுன் பிசைந்து, ஜாம் போத்தலின் அடியைச் சுற்றி மாவை ஏற்றிக் கிண்ணம்போலக் கழற்றி எடுப்போம். அவை பிரிட்ஜில் இறுகும்வரை, அரைத்த இறைச்சியில் உப்பும் வெள்ளை மிளகுத்தூளும் சாதிக்காயும் போட்டுக் குழைப்பார். நான் பச்சை மிளகாயோடு கிட்டப் போனால், "மாமி, வேண்டாம்!" என்று முழங்கையால் மறிப்பார். அவருக்கு வந்த சொற்பத் தமிழில் அவை இரண்டும் அடக்கம்.

இறைச்சியை நிரப்பி, மாவு மூடியை விளிம்புக்குக் கீழே பதித்து வைக்க வேண்டும். மேலே மிஞ்சும் குழியில் அவர்கள் கிரேவி ஊற்றுவார்களாம். நான் எங்கள் இறைச்சிக் குழம்பை ஊற்றுவேன். அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொன்னதேயில்லை.

போன குளிர்காலத்தில் மகள் ஒரு சூட்கேசோடு தனியே வந்து நின்றாள். பிரிந்துவிட்டார்களாம்.

"அடிச்சவரோ? குடிக்கிறவரோ?" என்று கேட்டேன்.

"நோ அம்மா. ஹீ இஸ் எ குட் மேன். சேர்ந்து இருக்க ஏலாமல் போச்சு, அவ்வளவுதான்."

கோபப்படுவதற்கு ஒரு காரணமாவது தந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு அவர் மகளின் மிச்சச் சாமான்களைக் கொண்டு வருவதாக இருந்தது. வெறுங்கையோடு அவரை அனுப்ப மனம் வரவில்லை. காலையிலேயே தனியாக நின்று பை சுட்டேன். அவர் பெட்டிகளை வாசலில் இறக்கினார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"உள்ள வாங்கோ, தம்பி."

"நோ, மாமி."

டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். என் மூடிகள் விளிம்போடு சமமாக எழும்பியிருந்தன.

"மூடி... கீழே, மாமி" என்று விரலால் அழுத்திக் காட்டினார். காரில் ஏறியும் நெடுநேரம் ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து இருந்தார். நான் வாசல் படலையடியில் நின்றேன்.

யன்னலால் பார்த்திருந்த மகள், "அம்மா, ப்ளீஸ், இனி அவரோட கதைக்காதேங்கோ. எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் பெற்றவள் அவள். "ஓம் பிள்ளை" என்றேன்.

தெரிந்தவர்கள் வந்து மகளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "நல்லகாலம், குழந்தை ஒண்டும் இல்லை" என்றார்கள். மகளுக்குத் துணை இல்லாமல் போனது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் ஒரு பிள்ளை இல்லாமல் போனது என்று எவருக்கும் தோன்றவில்லை. நானும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் குசினியில் எனக்கு ஒரு வேலையும் ஓடாமல் போயிற்று.

சில மாதங்கள் கழித்து, சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவர் ஸ்கொட்லாந்துக்கே போயிட்டார். ஃபார் குட்."

அன்றுவரை இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத என் கணவர் கையை உதறி எழுந்தார். "பெடியன் எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்."

"எங்க வந்து சொல்லுறது?" என்றேன்.

அவர் கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் திறந்தே கிடந்தது.